சங்கிலி பிடித்து அளந்த ஓவியம்

எங்கள் பழைய ஆபீசுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கள் சார் என்று சர்வே பிரிவுப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு பொத்தானை அமுக்கினால் நிலத்தின் நீளம், அகலம், பரப்பு எல்லாம் கண்ணாடியில் எழுத்தாக வந்துவிடுகிறது. வெயிலில் நடக்க வேண்டாம், முள்ளில் விழ வேண்டாம், நாயிடம் கடி வாங்க வேண்டாம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொறாமைதான், வேறொன்றுமில்லை. செங்கல்பட்டு தாலுகாவில் என் கெண்டைக்காலை ருசி பார்க்காத நாய் கிடையாது.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "உங்க சர்வீஸ்ல அளக்கறதுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது எது சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். மதுராந்தகம் ஏரியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். "ஒரு ஓவியம், அம்மா" என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் எனக்கு வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிலம் அளக்கிற சங்கிலியை இழுத்தேன், கறுத்துப்போனேன், கோடு போடக் கற்றுக்கொண்டேன். நீலம் என்றால் தண்ணீர், சிவப்பு என்றால் கட்டடம், பச்சை என்றால் தோப்பு, பழுப்பு என்றால் பாதை. இதற்கு மேல் உலகத்தில் வண்ணம் கிடையாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். என் கல்யாணத்தின்போது பெண் பச்சைப் புடவையில் வந்து உட்கார்ந்தபோது தோப்பு என்றுதான் முதலில் தோன்றியது.

எங்கள் ஹெட் சர்வேயர் பெயர் சாரங்கபாணி. குள்ளமான மனிதர். வெள்ளை வேட்டி, அதற்கு மேல் எல்லாப் பித்தானும் போட்ட கறுப்புக் கோட்டு. சித்திரை வெயிலிலும் அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டார். கோப்பில் எழுதுகிற தமிழையே வாயிலும் பேசுவார். மத்தியானம் கேரியரைத் திறந்து, "மேற்படி தயிர்சாதம் இன்று புளித்திருக்கிறது" என்பார். வீட்டில் சண்டை என்றால், "மேற்படியாள் நேற்று முதல் பதில் தரவில்லை" என்பார். நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

நான் போட்ட படத்தை மேஜையில் விரித்து நாலு மூலையிலும் கூழாங்கல் வைப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு காகிதத்தில் படும்படி குனிவார். ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்து, "இந்தப் பக்கம் யார்? அந்தப் பக்கம் யார்?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாத கோடு படத்தில் இருக்கக் கூடாது. ஒரு தடவை என் பேனா ஒரு சொட்டு மையைக் கக்கிவிட்டது.

"இது என்ன குளம்?" என்றார்.

"குளமில்லை சார், மை."

"வரைபடத்தில் மை என்று ஒரு பொருள் கிடையாது ஓய். ஒன்று அதற்குப் பெயர் சொல்லும், இல்லையென்றால் அழியும்."

பிளேடு வைத்துச் சுரண்டினேன். சுரண்டிய வேகத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. அவர் அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மேற்படி கிணறு யாருடையது?" என்று கேட்டார். முழுப் படத்தையும் முதலிலிருந்து போட்டேன். இப்படிப்பட்டவரிடம்தான் உப்புமேட்டு மனு வந்து சேர்ந்தது.

உப்புமேடு, மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், கால்வாய்க்கும் கடலுக்கும் இடையில் இருந்த ஒரு சின்னக் குடியிருப்பு. உப்பளத்திலும் பிறத்தியார் வயலிலும் கூலிக்குப் போனவர்கள். ஒருவர் பேரிலும் ஒரு பிடி மண் கிடையாது. யுத்த காலத்தில் கடலோரத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அவர்களை ஒரே பகலில் கிளப்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்தது. இவர்களைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. குடிசைகள் விழுந்தன, மணல் மூடிவிட்டது. ரோட்டோரப் பள்ளத்தில் ஓலை மறைப்புக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள். ஐப்பசி வந்தால் அடுப்புக்குள் தவளை உட்கார்ந்திருக்கும்.

பழைய இடத்தையே எங்களுக்கு மனையாகக் கொடுங்கள் என்பதுதான் மனு. அதே புறம்போக்கில் சவுக்கு வைக்கக் குத்தகை கேட்டு, பக்கத்துத் தோப்புக்காரர் கன்னியப்பனும் மனுக் கொடுத்திருந்தார். அங்கே எந்தக் காலத்திலும் எவனும் குடியிருந்ததில்லை, வெறும் மணல் என்பது அவர் வாதம். இவர்கள் குடியிருந்ததற்கு எழுத்தாக எதுவும் கிடையாது. மழை தொடங்குவதற்குள் முடிவாக வேண்டும். கன்னியப்பன் கன்று நட்டுவிட்டால் அப்புறம் உப்புமேடு என்பது சவுக்குத் தோப்புதான்.

இடம் கேட்கிற மனுவோடு இடத்தின் வரைபடமும் இருக்க வேண்டும் என்பது விதி. அது இல்லை என்று தபால் குமாஸ்தா மனுவைத் திருப்பிவிட்டார். அடுத்த வாரமே உப்புமேட்டு அந்தோணியம்மா வந்து நின்றாள். அடுப்பெரிக்கச் சவுக்கு மிலார் கட்டி விற்கிறவள். கொளவாய் ஏரிக்கு அந்தக் கரையில் நின்று அவள் பேசினாலும் எங்கள் ஆபீசில் கேட்கும்.

"படம் கொண்டா, படம் கொண்டான்னியே. இந்தா நைனா, எங்க ஊர்ப் படம். நம்ம ஊருப் பையன் தேவா போட்டது. மெட்ராசுல படம் போடவே படிச்சிகினு கீறான்" என்று ஒரு சுருளைத் தூக்கி மேஜை மேல் போட்டாள்.

கதவளவு துணி. மேலே குறுக்காகச் சரிந்த ஒரு பெரிய நீலம். நடுவில் சிவப்பு, அதை ஒட்டி உருண்டையாக ஒரு கறுப்பு. அங்கங்கே மஞ்சள் திட்டு. ஒரு பக்கமாகச் சாம்பல் நிறத்தில் நீள நீளமான இழுப்புகள். வீடு இல்லை, மரம் இல்லை, ஆள் இல்லை. தபால் குமாஸ்தாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நல்ல இடமாகப் பார்த்து, சிவப்பின் நட்டநடுவில், ஊதா மையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். மூலையில் ஓட்டை போட்டு நாடா கோத்து, எண் கொடுத்து எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

சாரங்கபாணி அதைத் தரையில் விரித்தார். கூழாங்கல் போதாமல் என் டிபன் பாக்ஸையும் ஒரு மூலைக்கு வாங்கிக்கொண்டார். வழக்கம்போல மூக்கு படக் குனிந்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் நீலம். எண்ணெய் வர்ணம் அங்கே இன்னும் முழுசாகக் காயவில்லை. அன்று சாயங்காலம் வரை அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"அளவுத் திட்டம் இல்லை. வடக்குக் குறி இல்லை. இந்தச் சிவப்பு என்ன?" என்று அந்தோணியம்மாவைக் கேட்டார்.

"செவப்பு தான் நைனா."

"அது தெரிகிறது. எதைக் குறிக்கிறது?"

"அத்தப் போட்டவனத்தான் கேக்கணும். நானா போட்டேன்?"

நியாயமான பதில்தான். 'படத்தில் கண்ட வண்ணங்களுக்கு விளக்கம் தரும்பொருட்டு நேரில் ஆஜராக வேண்டியது' என்று தேவா என்கிற தேவசகாயத்துக்கு நோட்டீஸ் போயிற்று. சர்வே பிரிவிலிருந்து ஓர் ஓவியனுக்குப் போன நோட்டீஸ் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வந்தான். ஒல்லியாக, ஜிப்பா, தோளில் பை, நகத்திலெல்லாம் வர்ணம். தன் படத்தின் மேல் முத்திரையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"இன்னா சார் இது, படத்து மேலயே குத்திக்கீறீங்க?"

"பெறப்பட்டது ஓய். பெறப்படாவிட்டால் நஷ்டம் உம்முடையது. சொல்லும், சிவப்பு எதைக் குறிக்கிறது?"

"ஒண்ணையும் குறிக்கல சார். இது மேப்பு இல்ல. அந்தோணியக்கா செவுத்துல மாட்டிக்கட்டும்னு குடுத்தேன். அத்தக் கொண்டாந்து இங்க குடுத்துட்டாங்க." படத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னான்: "ஊரை விட்டுக் கெளம்பினப்ப எனக்கு ஆறு வயசு. வூடு எங்க, கெணறு எங்க, ஒண்ணும் ஞாபகமில்ல. கலரு மட்டும்தான் கீது. கண்ணை மூடினா நீலம் வரும், செவப்பு வரும். எது இன்னான்னு தெரியாது. எங்க ஊருன்னா எனக்கு அவ்ளோதான். அத்த அப்படியே போட்டேன்."

"தாயார் தகப்பனார்?"

"அப்பா முன்னாடியே பூட்டாரு. அம்மா, ஊரை விட்டு வந்த அடுத்த மழையில ஜுரத்துல செத்துப்போச்சு. அது மூஞ்சிகூட நெனப்புல இல்ல சார். மிஷன் ஆஸ்டல்ல வளர்ந்தேன்."

சாரங்கபாணி கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஞாபகம் இல்லாதது ஒரு ஆட்சேபணை அல்ல. ஸ்தலத்தில் வைத்துச் சரிபார்ப்போம்" என்றார்.

"சார், இத்தப் போய் எப்படி சார் அளப்பீங்க?"

"சங்கிலி பிடித்துத்தான். நீர் மாட்டேன் என்றால் மனுவில் வரைபடம் இல்லை என்று எழுதி மூடிவிட வேண்டியதுதான். பிறகு சவுக்கு."

தேவசகாயம் அந்தோணியம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில், "எப்ப சார் கெளம்பணும்?" என்று கேட்டுவிட்டான்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். அங்கிருந்து கடலோரமாக வடக்கே மணலில் நடை. சங்கிலி, அதைப் பிடிக்கிற சங்கிலிக்காரன், கொடிகள், முளைக் கட்டைகள், சுருட்டிய ஓவியம், கோட்டோடு சாரங்கபாணி. நின்ற இடத்திலேயே வரைபடம் போட எங்களிடம் மூன்று கால் வைத்த ஒரு பலகை உண்டு. அதில் ஓவியத்தை, மிச்சம் நாலு பக்கமும் தொங்க, குண்டூசி குத்தி மாட்டினார். ரசமட்டம் வைத்துப் பலகை சமமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"நாங்க படம் போடறப்ப வெச்சிக்கறதும் இதே மாதிரிதான் சார் இருக்கும்" என்றான் தேவசகாயம்.

"அப்படியானால் உமக்கு நிற்கத் தெரிந்திருக்கும். கிழக்கு எது?"

"இதுல கெழக்கு இல்ல சார்."

"கிழக்கு இல்லாத ஊரில் சூரியன் எங்கே ஓய் உதிக்கும்? நீலம் கடல். கடல் கிழக்கே. ஆகவே நீலம் கிழக்கு" என்று பலகையைத் திருப்பிவிட்டார்.

"அது கடலான்னு எனக்கே தெரியாது சார்."

"எனக்குத் தெரிகிறது."

அதற்குள் உப்புமேட்டுக்காரர்கள் எல்லோரும் பலகையைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்களுக்குத்தான் அது கலர் கலராகத் தெரிந்தது. அவர்களுக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊர் தெரிந்தது. இந்தச் சிவப்பு எங்கள் வீட்டுச் சேவல் என்றார் ஒருவர். சேவலா, அது எங்கள் அப்பா தலைப்பாகை என்றார் இன்னொருவர். மஞ்சளுக்கு மட்டும் மூன்று வீட்டுக்காரர்கள் போட்டிபோட்டார்கள்.

"மஞ்சா எங்க வூட்டு வக்கப்போரு. இல்லன்னு சொல்றவ எவளா இருந்தாலும் முன்னால வாங்கடி!" என்று அந்தோணியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

ஒருத்தி நிஜமாகவே முன்னால் வந்தாள். விலக்கிவிடப் போன சங்கிலிக்காரனுக்குத்தான் அடி.

சாரங்கபாணி அசரவில்லை. யார் எதைச் சொன்னாலும் பலகையில் அளந்து, தரையில் சங்கிலி பிடித்து, அந்த இடத்தில் ஒரு முளை அடித்தார். சாயங்காலத்துக்குள் அந்த மணல்மேட்டில் சேவலுக்கு ஒரு முளை, தலைப்பாகைக்கு ஒரு முளை, வைக்கோல் போருக்கு ஒரு முளை. வைக்கோல் போர் முளை கடலுக்குள் விழுந்தது. அலை வரும்போதெல்லாம் சங்கிலிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கறுப்பு உருண்டை ஊர்க் கிணறு என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. அந்தக் கிணறு எங்கே என்பதில் ஆளுக்கொரு திசை. மணல் மேடு தள்ளித் தள்ளி உட்கார்ந்ததில் அவர்களுக்கே அடையாளம் தப்பிவிட்டது. கைகாட்டிய இடத்தையெல்லாம் தோண்டினோம். நண்டு வந்தது. தேவசகாயம் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு ஓரமாக மணலில் உட்கார்ந்துவிட்டான். தன் மனசுக்குள் இருந்ததைச் சங்கிலி போட்டு இழுத்தால் எவனுக்குத்தான் தாங்கும்?

சாரங்கபாணியின் அறிக்கையை நான்தான் நல்ல எழுத்தில் எழுதினேன். 'நீலம்: கடல் (ஓவியர் உறுதி செய்ய மறுக்கிறார்). சிவப்பு: சேவல் அல்லது தலைப்பாகை. மஞ்சள்: தகராறில் உள்ளது. சாம்பல்: விசாரணையில். கறுப்பு: கிணறு (காணவில்லை).' இதை எழுதும்போது சிரிப்பை அடக்கியதில் என் கை குலுங்கியது. அவர் எதிரில் உட்கார்ந்து, "கை நடுங்குகிறதே, மேற்படி ஜுரம் எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

அறிக்கை சப் கலெக்டரிடம் போயிற்று. இளவயசுக்காரர். மெட்ராசில் ஓவியக் கண்காட்சி நடந்தால் போய்ப் பார்க்கிறவர். எங்களைக் கூப்பிட்டனுப்பினார். சிரித்ததில் வந்த தண்ணீர் கண்ணில் இன்னும் இருந்தது. ஆனால் பேச்சில் சிரிப்பில்லை.

"மிஸ்டர் சாரங்கபாணி, இது நவீன ஓவியம். நல்ல ஓவியம். ஆனால் இதை நான் வரைபடமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊர் இருந்தது என்பதற்கு இருக்கிற ஒரே அடையாளம் கிணறு, அதையும் காணவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு தடவை நேரில் வந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் குத்தகை கன்னியப்பனுக்குத்தான்."

வெளியே வந்ததும் சாரங்கபாணி, "ஓவியமாகவே இருக்கட்டும். சரிபார்த்த பின் ஓவியமாவது ஒன்றாவது" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். அந்த ஜனங்கள் இனிமேல் எங்கே போவார்கள்?

சப் கலெக்டர் ஜீப்பில் வந்த அன்று கன்னியப்பனும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, குடை, அதிகாரிக்கு இளநீர். ஜெயித்துவிட்ட தெம்பு முகத்தில் இருந்தது. அதுவரை அவர் அந்தப் படத்தின் பக்கமே வந்ததில்லை. சப் கலெக்டர் அதன் எதிரில் நின்று வெகுநேரம் ரசித்துப் பார்ப்பதைக் கண்டதும், அப்படி என்னதான் இருக்கிறது என்று அவரும் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இன்னா சார் இது, அநியாயமா கீது."

"ஏன், பிடிக்கவில்லையா?" என்றார் சப் கலெக்டர்.

"கெணத்த எங்க கொண்டாந்து போட்டுக்கீறான் பாருங்க! செவப்பை ஒட்டிகினு!"

"அது கெணறு இல்லீங்க" என்றான் தேவசகாயம் பாவமாக.

"கெணறு இல்லாம? இந்த ஊர்ல உருண்டையா கறுப்பா வேற இன்னாடா இருந்துச்சு? போடறதுதான் போடற, ஒழுங்காப் போட வேணாம்? மெட்ராசுல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா? தோ, அந்தத் தாழம்புதரு தெரியுது பாரு, அதுக்கு வடக்கால கெணறு. அந்தோணி வூட்டுக்கும் உங்க ஆத்தா வூட்டுக்கும் நடுப்புல. உறை எறக்கின கெணறு. மாடு ஓட்டிகினு வந்து எத்தினி வாட்டி தண்ணி குடிச்சிக்கீறேன், எனக்குத் தெரியாதா?"

அந்தோணியம்மா பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சப் கலெக்டர் இளநீரை மெதுவாக மணலில் வைத்தார்.

"யார் வீட்டுக்கும் யார் வீட்டுக்கும் நடுவில்?" என்று கேட்டார்.

தன் வாயே தன்னைக் கவிழ்த்துவிட்டது என்று கன்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் சும்மா, பொதுவா..." என்று இழுத்தார். வழக்கு முடிந்துவிட்டது என்று அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்குக்கூட விளங்கிவிட்டது. விளங்காதவர் சாரங்கபாணி ஒருவர்தான். காணாமல் போன கிணறு கிடைத்த சந்தோஷத்தில் அவர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தாழம்புதருக்கு வடக்கே எவ்வளவு? உத்தேசமாகச் சொல்லக் கூடாது, நடந்து காட்டும்" என்று கன்னியப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கன்னியப்பன் முதலில் முரண்டு பிடித்தார். ஆனால் சங்கிலிக்காரன் தப்பான இடத்தில் முளையை ஊன்றப் போனதைப் பார்த்ததும் மனுஷருக்குப் பொறுக்கவில்லை. "ஐய, அங்க இல்லய்யா, இன்னும் கொஞ்சம் இப்டிக்கா வா" என்று சுத்தியலைப் பிடுங்கித் தானே அடித்துக் கொடுத்தார். தப்பான படம் ஒன்றைக் கண்ணெதிரில் வைத்துவிட்டால் சும்மா இருக்க முடியாத ஜாதி அவர். எங்கள் சர்வே பிரிவில் வேலைக்கு எடுத்திருக்கலாம்.

இடுப்பளவு தோண்டியதும் மண்வெட்டி எதிலோ மோதியது. சுட்ட மண் உறையின் விளிம்பு. அந்தோணியம்மா "மாதாவே!" என்று கத்திய கத்தலில் சப் கலெக்டரின் டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டான். அவள் ஓடிப்போய்க் கன்னியப்பனின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்து, "நல்லா இருப்ப அண்ணாத்த!" என்றாள். அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

தேவசகாயம் மட்டும் குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். வெறும் மணல். கால் விரலால் அதைக் கிளறினான்.

"இங்கயாண்ணா எங்க வூடு?" என்று கன்னியப்பனைக் கேட்டான்.

"அங்கதான்டா. வாசப்படி கடலப் பார்த்துகினு இருக்கும். குனிஞ்சிதான் உள்ள போவணும்" என்றார் அவர். குத்தகை கைநழுவிப் போன ஆத்திரத்தில்கூட மனுஷர் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மனை உத்தரவு மழைக்கு முன்னால் வந்துவிட்டது. நான்தான் மனைகளைப் பிரித்துப் படம் போட்டேன். கிணற்றை ஒட்டிய மனை தேவசகாயத்துக்கு.

தை பிறந்து அவன் ஆபீசுக்கு வந்தான். மெட்ராசில் கண்காட்சி வைக்கிறார்களாம், படம் வேண்டுமாம். சாரங்கபாணி அவனைத் திருட வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கோப்பில் சேர்ந்த காகிதம் வெளியே போகாது ஓய்."

"இது காகிதம் இல்ல சார், நான் போட்ட படம்."

"இருக்கலாம். நாளைக்குக் கன்னியப்பன் மேல்முறையீடு செய்தால் எதைக் காட்டுவது? வேண்டுமானால் நகல் கேட்டு மனுச் செய்யும். உண்மை நகல் என்று முத்திரை வைத்துத் தருவோம்."

அந்த நகலை எடுக்க வேண்டியவன் நான். என் முழு சர்வீசிலும் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. அசலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, டிவைடர் வைத்து ஒவ்வொரு தீற்றலையும் அளந்தேன். அவன் ஒரே வீச்சில் இழுத்துவிட்டுப் போன சாம்பல் கோட்டை நான் நாள் கணக்கில் இழுத்தேன். அவன் எந்தக் கோபத்தில் இழுத்தானோ, எனக்குக் கழுத்து வலியில்தான் வந்தது. 'பெறப்பட்டது' முத்திரையை விடவில்லை. மூலை ஓட்டையை விடவில்லை. நீலத்தில் சாரங்கபாணியின் மூக்கு பதிந்திருந்த இடத்தையும் விடவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்த வளைவு என்ன என்று அதைத்தான் முதலில் கேட்டார். காற்றடிக்கிற திசை என்று சொல்லிவைத்தேன்.

தேவசகாயம் வந்து நகலைப் பார்த்தான். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே ஓர் ஓரமாக, கறுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி விரலை வைத்தான்.

"இங்க ஏன் சார் ஒண்ணும் போடாம வுட்டுட்டீங்க? இது தப்பா கீதே."

எனக்குச் சுருக்கென்றது. அசலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் விரித்தேன். அசலிலும் அந்த இடம் வெறும் துணிதான்.

"நீயேதான் விட்டிருக்கே. நான் என்ன செய்யட்டும்?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆமா. இல்லதான். ஆனா இங்க இருக்கணும் சார். கெணத்தாண்ட. அம்மா இங்கதான் குந்திகினு மீன் ஆயும். ஒரு பூனை வந்துகினே இருக்கும். ஆய்ஞ்சிகினே அத்த ஒரு காலால தள்ளிவுடும். அது மறுபடி வரும், மறுபடி தள்ளிவுடும்." அவன் விரல் அந்த வெறும் இடத்தைச் சுற்றி வந்தது. "மூஞ்சி வரல சார். அந்தக் காலு வந்துட்டுது. மண்ணு ஒட்டிகினு, பித்தவெடிப்போட. அம்மா காலு சார் அது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசில், அத்தனை பேர் எதிரில். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சாரங்கபாணி எழுந்து வந்தார். "அசலில் இல்லாததை நகலில் சேர்க்க முடியாது" என்றார். தேவசகாயம் தலையாட்டினான். "ஆகவே அசலைத் திருத்தும்" என்று என் வர்ணப் பெட்டியை எடுத்து அவன் எதிரில் வைத்தார்.

அரசாங்கத்தின் பழுப்பு வர்ணத்தை, பாதைகளுக்கு நாங்கள் தீட்டுகிற அதே பழுப்பை, அவன் கட்டைவிரலால் தொட்டு, அந்த வெறும் இடத்தில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். எனக்கு அதில் கால் தெரியவில்லை. ஆனால் அந்த இழுப்பு இல்லாமல் அத்தனை நாள் அந்தப் படம் எப்படி இருந்தது என்று தோன்றியது.

எங்கள் பிரிவில் வரைபடத்தில் எதைத் திருத்தினாலும் ஓரத்தில் எண் போட்டு, இன்ன திருத்தம் என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாரங்கபாணி துணியின் ஓரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். 'திருத்தம் ஒன்று: தாயார்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேவசகாயத்திடம் பேனாவைக் கொடுத்து அவனையும் போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படாமல் ஜாக்கிரதையாகக் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"மேற்படி பூனை எங்கே?" என்றார்.

தேவசகாயத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. சுண்டுவிரலில் கறுப்பைத் தொட்டுப் பழுப்புக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தான். சாரங்கபாணி பேனாவை மறுபடி சிவப்பு மையில் தோய்த்து, 'திருத்தம் இரண்டு: பூனை' என்று எழுதினார்.